வரம்பில்லாப் பந்தயம்

லாஸ் வேகாஸ் நகரின் கசினோ ஒன்றில், ஒரு மாதச் சேமிப்பான 200 டொலருக்கு வில்லைகள் வாங்கிப் போக்கர் மேசையில் அமர்ந்தேன். கைக்கு இரண்டு சீட்டுக்கள். நடுவில் விரியும் ஐந்தும் எல்லோருக்கும் பொது. பந்தயத்துக்கு வரம்பில்லை, முன்னேயுள்ள வில்லைகள் அனைத்தையும் எக்கணமும் வைத்துவிடலாம். இரண்டு ஆஸ் சேர்ந்து வருவது சராசரியாக 221 தடவைக்கு ஒருமுறையே. ஆகவே இரவின் பெரும்பகுதி சீட்டைக் கீழே வைப்பதிலேயே கழிந்தது.

நள்ளிரவுக்குப் பின் எனக்கு இரண்டு இராசாக்கள் வந்தன. நடுவிலோ ஓர் ஆஸ் விழுந்தது. எதிரிலிருந்த முதியவர் தம் வில்லைகள் முழுவதையும் முன்னே தள்ளினார். அவரிடம் இருந்தது ஆஸோ, வெறுந் துணிவோ? இராசாக்களைக் கவிழ்த்துவிட்டேன். விடையை அவர் காட்டவில்லை.

வென்றோர் மாறினர், பந்தயப் பணத்தில் பங்கெடுத்துக்கொண்ட கசினோவுக்கு மட்டும் தோல்வியே இல்லை. வரம்பில்லாத ஆட்டத்தில் வரம்பை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். தருமருக்கு வாராதுபோன வித்தை அதுவே.