எந்தக் குறிப்பறிதல்?

காலை எட்டேகால் மணிக்கு, காங்கேயம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் வேப்பமரத்தடியில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணை மூடிக் குறள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே விரித்த புத்தகத்தோடு ஒன்பதாம் வகுப்புப் பையன். அவள் தவறினால் அவன் தரையில் ஒரு தட்டுத் தட்டுவான். வாயால் திருத்தக் கூடாது என்பது தமிழய்யாவின் கட்டளை. "நாம எடுத்துக் குடுத்துட்டா அவ காது தேடறத நிறுத்திருமுங்க" என்றார்.

திருக்குறள் முற்றோதலுக்கான பயிற்சி அது. 1330 குறளும் ஒப்பிக்கும் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை 15,000 ரூபாயும் சான்றிதழும் தருகிறது. வரிசையாகச் சொன்னால் மட்டும் போதாது. எண்ணையோ அதிகாரத்தையோ பொருளையோ சொன்னாலும் உரிய குறள் வர வேண்டும்.

"713" என்றேன். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு மீதியோடு ஒன்றைக் கூட்டினாள்: 72, அவையறிதல். விட்ட இலக்கம் மூன்று, ஆகவே மூன்றாம் குறள். சொல்லியும் விட்டாள். வாரம் மூன்று அதிகாரம் என்று வைத்தாலும் 133 அதிகாரத்துக்கு 44 வாரம் தாண்டும். அத்தனை வாரமும் தமிழய்யா பள்ளி மணிக்கு முன்பே வந்து உட்காருகிறார்.

நான் வியந்தது நினைவாற்றலை அல்ல, நிறுத்தத்தை. குறளின் ஏழு சீரும் நான்கும் மூன்றுமாக அச்சில் நிற்கும். ஓசைக்காகப் பிரிப்பதால் சில இடங்களில் ஒரே சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் அடுத்த சீரிலும் விழும், வகையுளி என்பார்கள். அச்சில் இருப்பதுபோலவே நிறுத்திச் சொன்னால் ஓசை நிற்கும், பொருள் உடையும். பரிசு மேடைகளில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி உடைத்துச் சொல்லக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன்.

தமிழய்யா முதலில் கைத்தாளம் போட்டுச் சீர் சீராகவே ஏற்றுகிறார்; நினைவுக்கு அந்தப் படிக்கட்டு வேண்டும். குறள் உள்ளே இறங்கிய பிறகு கேட்கிறார்: "இதையே உங்கம்மாகிட்டச் சொல்றதுன்னா எப்படிச் சொல்லுவ கண்ணு?" அவள் வீட்டுப் பேச்சில் சொல்கிறாள். எங்கே மூச்சு விடுகிறாள், எந்தச் சொல்லை அழுத்துகிறாள் என்று கவனிக்கிறார். "அங்கதான் நிறுத்தோணும். இப்பக் குறளச் சொல்லு." சொன்னாள். குறள் வாயில் பேச்சாகவே வந்தது. ஒப்பித்தலைக் கிளிப்பிள்ளை வேலை என்பவர்கள் அந்த மரத்தடியில் ஒரு காலை உட்கார வேண்டும்.

காமத்துப்பாலை வேகமாகக் கடத்திவிடும் ஆசிரியர்கள் உண்டு. இவர் அந்த 25 அதிகாரங்களுக்கும் அதே கேள்வியைக் கேட்கிறார், அதே பொறுமையோடு.

கிளம்பும்முன், "குறிப்பறிதல் சொல்லும்மா" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "எந்தக் குறிப்பறிதலுங்க ஐயா? பொருட்பாலா, காமத்துப்பாலா?"

அந்தப் பெயரில் 71ஆம் அதிகாரமும் உண்டு, 110ஆம் அதிகாரமும் உண்டு. முன்னது அரசவையில் முகம் பார்த்து மனம் அறிவது, பின்னது காதலில். இரண்டாவதைக் கேட்டேன். குரலைத் தணித்துக்கொண்டு, அவசரமில்லாமல் பத்தையும் சொன்னாள். பையன் புத்தகத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தட்ட வேண்டிய கை மடியிலேயே கிடந்தது.