தாத்தா சைக்கிளும் தகர ஸ்பேனரும்

நம்மள மாதிரி பொட்டி தட்டறவன் கையில ஸ்பேனர் எடுத்தா வீட்ல யாரும் நம்பறதில்லை. அதுலயும் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர் பக்கம் தாவினவன்னா கேக்கவே வேணாம். "ஃபேன் ரெகுலேட்டர் மாத்தத் தெரியாது, இதுல சைக்கிள் ரிப்பேரா?"ன்னு தங்கமணி ஆரம்பிச்சுட்டாங்க. கும்பகோணத்துல திண்ணையில கிடந்த தாத்தாவோட ராலே சைக்கிளை சென்னைக்குக் கொண்டாந்ததுல இருந்து இந்தக் கூத்துதான்.

சைக்கிள் ஓடிடும். பிரச்சினை சீட்டுதான். புரூக்ஸ் பி66, தோல் சீட்டு, பின்னாடி ரெண்டு பெரிய ஸ்பிரிங். தாத்தா முப்பது வருஷம் உக்காந்து மிதிச்சது. வலது முட்டி வலின்னு அவர் எப்பவும் இடது பக்கம் சாய்ஞ்சே உக்காருவார். தோல்ல இடது பக்கம் கொஞ்சம் ஆழமாவே குழிஞ்சிருக்கு. அவர் போயாச்சு, குழி மட்டும் இருக்கு. "தூக்கிப் போட்டுட்டு ரெக்சின் சீட்டு ஒண்ணு மாட்டுடா"ன்னார் அப்பா. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் இன்னும் வேகம். "குடுங்க சார், இழுத்து டைட் வெச்சுடறேன்"னு ஸ்க்ரூ ஸ்பேனரோட வந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ஏன்னா இந்த மாதிரி சீட்டுல பஞ்சு கிடையாது, ஒண்ணும் கிடையாது. தூளி மாதிரிதான். முன்மூக்குலயும் பின்பக்கத் தகட்டுலயும் ரிவிட் அடிச்சு நடுவுல தோல் தொங்குது. மூக்குக்கு அடியில ஒரு போல்ட். அதோட நட்டைத் திருப்பினா மூக்கு முன்னாடி தள்ளும், தோல் இறுகும். காய்ஞ்ச தோலை அப்படி இழுத்தா முதல்ல கிழியறது ரிவிட் ஓட்டைதான். அங்க கிழிஞ்சா கதை முடிஞ்சது.

அதனால முதல்ல ஸ்பேனர் இல்லை, மெழுகு. புரூக்ஸ்காரங்களே ப்ரூஃபைட்னு ஒரு டப்பா விக்கறாங்க. மாட்டுக் கொழுப்பு, காட் மீன் எண்ணெய், தேன்மெழுகு, பாரஃபின், சிட்ரோனெல்லா எல்லாம் அதுல சேருது. (இந்த லிஸ்ட்டை அம்மா கிட்ட படிச்சுக் காட்டாம இருக்கறது குடும்ப நலனுக்கு உகந்தது.) தேங்காயெண்ணெய் போதும்னு பத்து பேர் சொன்னாங்க. போட்டா பளபளன்னுதான் இருக்கும், ஆனா எண்ணெய் உள்ள ஊறி தோல் தொளதொளன்னு ஆயிடும், அப்புறம் தூளி இன்னும் தொங்கும். மெழுகை விரல்ல தொட்டு மெல்லிசா தடவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில பழைய பனியன் துணியால தேய்ச்சேன். வாரம் ஒரு தடவை, ஒரு மாசம்.

அடுத்து நட்டு. மூக்குக்கு அடியில சாதாரண ஸ்பேனரை விட்டுத் திருப்ப இடமே இல்லை. அதுக்குன்னு தட்டையா, தகட்டுல வெட்டின ஒரு ஸ்பேனர் இருக்கு. பார்த்தா பொம்மை மாதிரி, ஆனா அந்தச் சந்துல அதுதான் நுழையுது. மண்ணெண்ணெயை பட்ஸ்ல தொட்டு மரையில மட்டும் வெச்சு, தோல்ல படாம துணி சுத்தி, ஒரு நாள் விட்டேன். அப்புறம் கால் சுத்து. அவ்வளவுதான். ரெண்டு வாரம் ஓட்டிட்டு இன்னொரு கால் சுத்து.

சீட்டைக் கழட்டற கிளாம்ப் நட்டு வேற ரகம். வெர்னியர்ல அளந்தேன், 14.3 மி.மீ. 14 ஏறாது, 15 வழுக்கி நட்டு முனையை மழுக்கிடும். 9/16 இன்ச் ஸ்பேனர் வேணும். புதுப்பேட்டையில தேடினப்போ ஒரு வேடிக்கை. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனர்ல போட்டிருக்கற நம்பர் வாயோட அளவு இல்லை, போல்ட்டோட விட்டம்! 1/4னு போட்டிருந்தா வாய் 0.525 இன்ச், அதாவது 13.3 மி.மீ. அதனால "இன்ச் ஸ்பேனர்"னு கேட்டு வாங்கிடாதீங்க, நட்டை அளந்துட்டுப் போய் ஸ்பேனர் வாயையும் அளந்து வாங்குங்க.

புரூக்ஸ் கதையும் சுவாரசியம்தான். ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ் 1866ல பர்மிங்காம்ல குதிரைச் சேணம் மாதிரி தோல் சாமான் பண்ண ஆரம்பிச்சவர். 1878ல அவரோட குதிரை செத்துப் போக, சைக்கிள் ஒண்ணைக் கடன் வாங்கி ஓட்டினாராம். சீட்டு படுத்தின பாட்டுல தானே ஒண்ணு செய்யறேன்னு இறங்கி 1882ல பேடண்ட் வாங்கிட்டார்.

கடைசியா ஓரம். ரெண்டு பக்கமும் தோல் வெளியே விரிஞ்சு தொடையில உரசிச்சு. இதுக்கு நட்டைத் திருகிப் பிரயோஜனமில்லை. பெரியமேட்டுல சுழல் தலை வெச்ச தோல் பஞ்ச் ஒண்ணு வாங்கி, கீழ் ஓரத்துல பக்கத்துக்கு மூணு ஓட்டை போட்டு, மெழுகு நூலால ஷூ லேஸ் மாதிரி அடியில இழுத்துக் கட்டினேன். தாத்தா சீட்டுல ஓட்டை போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பஞ்சைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அது நிஜம்.

இப்போ தினம் காலையில ஓட்டறேன். இடது குழி போகலை. எனக்கு அது சரியா பொருந்தவும் இல்லை, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல குத்துது. இன்னும் ரெண்டு சுத்து திருகினா குழி கொஞ்சம் சமமாகும். திருகப் போறதில்லை.

பி.கு: மழையில நனைஞ்சா அது மேல உக்காராதீங்க, வெயில்லயும் வைக்காதீங்க, நிழல்ல தானா காயட்டும். ஜவுளிக்கடை பாலிதீன் கவர் ஒண்ணு சீட்டுக்கு அடியிலேயே சொருகி வெச்சிருக்கேன்.