தாய்ப்பலகை தேடிய கதை

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமை. ரிவஸ்டன் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழை இரத்தோட்டைக்கு மேல் நின்றுவிட்டிருந்தது. நான் ஒரு கட்டுரையின் கடைசிப் பந்தியைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மின்னல், கூடவே இடி. மின்சாரம் போயிற்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தது. கணினி திரும்பி வரவில்லை.

புத்தாண்டுக்கு மூடிய கடைகள் திறக்கும் வரை காத்திருந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்குப் போனேன். திருத்துகின்ற இளைஞர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இணையக் கம்பி செருகும் துளையருகே மிளகளவு கருகலைக் காட்டினார்.

"கரண்ட் லைன்ல வரல்ல சேர். டெலிபோன் லைன்ல வந்திருக்கு. போட் முடிஞ்சுது."

தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்கு. அங்கிருந்து கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்கு. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தவன் நான். அது மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பது. மின்னலைத் தடுப்பது அதன் வேலையன்று என்பதை இந்த வயதில்தான் அறிந்துகொண்டேன்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்தப் பெட்டிக்குள் நான்கு வன்தட்டுகள். நிருபராக அலைந்த காலம் முழுவதும் சேர்த்தவை: இந்த மாவட்டத்துத் தோட்டங்களின் முதியவர்கள் சொன்ன கதைகள், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய குரல்கள். 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, அந்த நடைபயணத்தில் நான் எடுத்த காணொளிகளும் அவற்றில்தான். முன்னோர் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த அதே திசை. அதைத் தொகுத்து ஒரு படமாக்க வேண்டும் என்று இரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். குரல் தந்தவர்களிற் பலர் இன்று இல்லை. பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்கிறீர்களா? அதையும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

எரிந்தது 2013 இல் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறியிறங்கி வாங்கி, நானே பூட்டிய கணினி. மூன்றாம் தலைமுறை இன்ரெல் ஐ5 செயலி, டிடிஆர்3 நினைவகம். செயலி பிழைத்திருந்தது, நினைவகமும் பிழைத்திருந்தது. ஆனால் அந்த 1155 முனைச் சொக்கெட்டுக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலகை செய்வதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. பழைய பாகங்களைக் கழற்றிச் சீனாவில் புதிதாக ஒட்டிய பலகைகள் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியவிருந்தது. விண்டோஸ் 11 இன் நிபந்தனைகளின்படி இன்ரெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். தாய் போனால் பிள்ளைகளும் போக வேண்டியதுதான்.

பேராதனையில் பொறியியல் படிக்கும் மருமகன் ஒரு பலகையின் படத்தை அனுப்பினான். ஓரமெல்லாம் வானவில் விளக்கு. தேர்த் திருவிழா போல. விலையைப் பார்த்துவிட்டுச் சாட்டா துளை எத்தனை என்று கேட்டேன்.

"ரெண்டு மாமா. இப்ப யாரு ஹார்ட் டிஸ்க் பாவிக்கிறாங்க?"

"நான் பாவிக்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் படித்தேன். தேர்தல் காலத்து வேட்பாளர் விபரங்களைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. 2002 இல் நான் வாங்கிய முதற் கணினி மின்தேக்கிகள் வீங்கி வெடித்துச் செத்தது. அக்காலத்தில் உலகமெங்கும் அந்த நோய் பரவியிருந்தது. இன்று பெரும்பாலும் திண்ம மின்தேக்கிகள் என்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனால் 12 வோல்ட்டைச் செயலிக்கு வேண்டிய ஏறக்குறைய 1 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் பகுதிக்கு உலோகக் கவசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காணொளி தொகுக்கும்போது மணிக்கணக்கில் சூடாவது அந்த இடந்தான்.

அடுத்தது சொக்கெட். ஏஎம்டி 2017 இல் ரைசனுக்குப் பயன்படுத்திய ஏஎம்4 சொக்கெட்டில், அந்த ஆண்டுப் பலகைகள் பல, பயோஸ் மாற்றத்துடன், 2020 இல் வந்த 5000 வரிசைச் செயலிகளையும் ஏற்றுக்கொண்டன. 2022 இல் வந்த ஏஎம்5 க்கும் 2027 வரையிலும் அதற்கப்பாலும் ஆதரவு என்று அறிவித்திருக்கிறார்கள். இன்ரெல்லோ இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சொக்கெட்டை மாற்றிவிடும் வழக்கமுடையது. செயலி உயிரோடிருக்கப் பலகை கிடைக்காமல் நின்றவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏஎம்5 என்று முடிவாயிற்று. சிப்செட் பி650 போதும்.

பயோஸ் என்றதும் ஒரு ஞாபகம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதல்லவா? பயோஸை மாற்றிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் குரங்கு பாய்ந்தால் பலகையின் கதை முடிந்தது. ஆகவே யுஎஸ்பி தட்டிலிருந்து பயோஸை மீட்டெடுக்கும் பொத்தான் பின்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். மருமகன் சிரித்தான். கண்டியில் இருப்பவன் சிரிக்கலாம்.

ஆனால் என்னைக் கடைசியில் ஒரு பலகையின் பக்கம் தள்ளியது வேறொன்று. வைஃபை. மேசைக் கணினிக்கு அது வீண் செலவு, கம்பி இருக்கும்போது எதற்கு என்றே எல்லோரும் எழுதியிருந்தார்கள். இரத்தோட்டையில் கணக்கு வேறு. இங்கே கம்பிதான் எமன். ரவுட்டர் எரிந்தால் ரவுட்டரோடு போகட்டும். அதற்கும் பலகைக்கும் நடுவில் வெறும் காற்று இருந்தால் போதும். மின்சாரப் பக்கத்துக்குப் பிளக்கைக் கழற்றும் கை இருக்கிறது.

ஜூன் மாதம் கொழும்புக்குப் போய் வாங்கினேன்: வைஃபையும் நான்கு சாட்டா துளைகளும் உள்ள நடுத்தரமான பி650 பலகை. விளக்கு இல்லை. பழைய வட்ட முனை விசைப்பலகைக்கு ஒரு துளை இருந்தது உபரி மகிழ்ச்சி. பற்றுச்சீட்டின் அடியில் வழக்கம்போல ஒரு வருடம் என்றால் 350 நாட்கள் என்றும், எரிந்த அடையாளம் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் பொடி எழுத்தில் இருந்தது. மின்னல் ஊர்க்காரனுக்கு உத்தரவாதம் என்பது அவ்வளவுதான்.

ஓரிடத்தில் பிழை விட்டேன். கையிற் காசு இறுகியதால் 16 ஜிபி நினைவகத்தில் ஒரு துண்டு மட்டும் வாங்கி, மற்றதைத் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். இரண்டு துண்டாகப் போடுங்கள் மாமா, வேகம் கூடும் என்று அவன் சொன்னான், கேட்கவில்லை. 2025 இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தையெல்லாம் அள்ளத் தொடங்கி, டிடிஆர்5 விலை இரட்டிப்பையும் தாண்டிப் போயிற்று. இரண்டாவது துளை இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

வன்தட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிய இரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. முதலாவது வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது சுழலும் சத்தம் கேட்டும் திரையில் வர நேரமெடுத்தது. கம்பியைக் கழற்றி மறுபடி பூட்டினேன். வந்தது. கண்ணில் பட்ட முதற் கோப்பைத் திறந்தேன். பிட்டகந்தைப் பக்கத்தில் பல வருடங்களுக்கு முன் பதிவு செய்த ஒரு பாட்டியின் குரல், நடுவில் அவருடைய இருமல், அப்புறம் "இதெல்லாம் எதுக்குய்யா எழுதுறீங்க" என்ற கேள்வி. மனைவி தேநீர் வைக்க எழுந்து போனாள்.

மறுநாட் காலை முதல் வேலையாக ஒரு புறவன்தட்டு வாங்கிப் பிரதி எடுத்தேன். அது இப்போது கண்டியில், சிரித்தவனுடைய அறையில் இருக்கிறது.