முதலில் வந்த நூற்றைம்பது ரூபாய்

வீட்டிலிருந்தபடியே பொருளீட்டுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறைகளாக வீட்டுத் திண்ணையையே பணியிடமாகக் கொண்டவர்கள். இலையை நனைத்து, வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக் கொடுத்தால்தான் அந்த ஆயிரத்திற்குரிய கூலி. அதற்காக எவ்வளவு நேரம் குனிந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முதுகு அறிந்த கணக்கு.

அத்தகைய ஒருத்தியின் கைப்பேசிக்கு ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது என்று கொள்வோம். காணொலிகளுக்கு விருப்பக்குறி இட வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய்; கல்வித்தகுதியோ முன்அனுபவமோ வேண்டா. அவள் ஐயத்தோடுதான் மூன்று காணொலிகளைத் தொடுகிறாள். சற்று நேரத்தில் அவளது வங்கிக் கணக்கில் 150 ரூபாய் வந்து சேர்கிறது. ஏமாற்றுதல் என்றால் பறித்தல் என்றே அவள் அறிந்திருந்தாள். கொடுத்துத் தொடங்கும் ஏமாற்றை அவள் அறியாள். அவளைப் பேராசைக்காரி என்று சொல்லிவிடுதல் எளிது. மகனின் படிப்புச் செலவை எண்ணிக் கொண்டிருப்பவளுக்கு அந்தச் சொல் பொருந்துமா?

அடுத்து அவள் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்க்கப்படுகிறாள். அங்கே நாள்தோறும் பலர் தாம் பெற்ற தொகைக்குச் சான்றாகப் படங்களைப் பகிர்கின்றனர், நன்றி கூறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மோசடிக் கூட்டத்தினரே என்பது அவளுக்குத் தெரியாது. 'முன்பணப் பணி' என்ற பெயரில் 1000 ரூபாய் கேட்கப்படுகிறது. மாலையில் 1300 ரூபாயாகத் திரும்புகிறது. பின்னர் 5000 ரூபாய். இம்முறை பணம் திரும்பவில்லை. ஆனால், ஒரு செயலியின் திரையில் அவள் பெயருக்கு நேரே தொகை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமாயின் மூன்று பணிகளையும் முடிக்க வேண்டும் என்கிறார்கள். முடித்தால், பிழை நேர்ந்துவிட்டது, 28,000 ரூபாய் கட்டினால் சரிசெய்யலாம் என்கிறார்கள். அதன்பின் வரி; வரியின்பின் கணக்கு முடக்கம். திரையில் தெரிவது பணமன்று, வெறும் எண். ஆயினும், போட்டதை மீட்பதற்காகவே அவள் மேலும் போடுகிறாள். காதில் கிடந்த கம்மலும் அடகுக் கடைக்குச் செல்கிறது.

ஆயிரம் பீடிக்குக் கூலி கொடுப்பவருக்கு அந்த ஆயிரத்தை விற்று ஆதாயம் உண்டு. விரலால் ஒருமுறை தொடுவதற்கு 50 ரூபாய் கொடுப்பவருக்கு என்ன ஆதாயம்? கூலிக் கணக்கில் தேர்ந்த அவளிடம் இக்கேள்விக்கு விடை இருந்திருக்கும். கேட்பதற்குத்தான் அவகாசம் தரப்படவில்லை. 'இன்னும் பத்து நிமிடங்களே உள்ளன' என்ற அவசரம் அதற்காகவே ஏற்படுத்தப்படுகிறது. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அது வேலைக்கு ஆள் அமர்த்தும் அரசனுக்கு உரியது. இன்றோ வேலை கேட்பவர், கொடுப்பவரை ஆராய வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் முகவரி எது, எழுத்துவழிப் பணி ஆணை உண்டா, ஊதியம் தருபவர் ஏன் முன்பணம் கேட்கிறார் எனக் கேட்டாலே எதிர்முனை பெரும்பாலும் மௌனமாகிவிடும்.

அந்த எதிர்முனையில் இருப்பவர் யார்? சில வேளைகளில் அவரும் வேலை தேடி ஏமாந்தவரே. தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர் சிலர் மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடியில் ஈடுபடுமாறு வற்புறுத்தப்பட்டனர். 2022-இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர். 2023 திசம்பரில் இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளுக்குப் பயன்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையத்தளங்களை இந்திய அரசு முடக்கியது. தளத்தை முடக்கலாம், மறுநாளே வேறு பெயரில் ஒன்று முளைக்கலாம்.

மாணவர்கள் கருத வேண்டிய வேறொன்றும் உண்டு. 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, வந்துபோகும் பணத்தில் பங்கு தருகிறோம்' என்று கேட்போர் உளர். அவ்வாறு வருவது பிறரிடம் பறித்த பணம். காவல்துறை பணத்தின் தடம் பற்றி வரும்போது முதலில் வந்து நிற்பது கணக்கிற்கு உரியவர் வாயிலில்தான். பீடி சுற்றும் பெண்ணுக்கு வந்த 1300 ரூபாயும் எவரோ ஒருவர் இழந்ததாக இருக்கக்கூடும்.

அவள் இரண்டு நாள் எவரிடமும் சொல்லவில்லை. இழப்பினும் நாணமே பெரிதாக இருந்தது. அந்த இரண்டு நாளும் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு ஓடிக்கொண்டிருந்தது. உடனே தெரிவித்திருந்தால் இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு மிகுதி. மூன்றாம் நாள் இரவு, பதினோராம் வகுப்பில் பயிலும் மகன் வெறுங்காதைக் கண்டு, "கம்மல் எங்கம்மா?" என்று கேட்டான். அவள் அழுதாள். அவன் சினக்கவில்லை, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தான். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று மறுமுனையில் கேட்டார்கள். அவள் எழுந்து சென்று பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தில் யாவும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதல் வரியில், வரவு 150 ரூபாய்.