பேயின் வரவு செலவு

வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் சினிமாவைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பதினான்கு வயதுடைய எமது மகன், சென்ற மாதம் ஓரிரவு உறக்கமின்றி எழுந்து வந்து தாயாரின் அருகிற் படுத்துக்கொண்டான். பாட்டியார் நெற்றியில் திருநீறு பூசினார். காலையில் விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட 'டிராகுலா' என்னும் படத்தைக் கைத்தொலைபேசியில் ஒளித்துப் பார்த்திருக்கிறான். பார்க்கக் கூடாதென்று நாம் முன்னரே கண்டிப்பாகச் சொல்லியிருந்த படம் அது.

கோபம் வந்தது, பிள்ளையின் முகத்தைக் கண்டதும் அடங்கிற்று. பேய் இல்லையென்று சொன்னால் அவன் நம்பப்போவதில்லை. ஆதலின் எமக்குத் தெரிந்த வழியிலே சென்றோம். "தம்பி, அந்தப் பேய்க்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்குது. வா, பார்ப்பம்" என்று அழைத்தோம். அன்று மாலை விறாந்தையிலிருந்து அவனுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

அப்படத்தை எடுத்தது ஹமர் என்னும் சிறிய கம்பனி. அதனை 1934இல் தொடங்கியவர் வில்லியம் ஹைன்ட்ஸ். மேடையில் அவர் வைத்துக்கொண்ட பெயர் வில் ஹமர். அதுவே கம்பனியின் பெயராயிற்று. அடுத்த ஆண்டில் அவர் என்றிக்கே கரெராஸ் என்பவரோடு கூடிப் பட விநியோகக் கம்பனி ஒன்றையும் அமைத்தார். பின்னர் இருவருடைய மைந்தர்களும் தொழிலுக்கு வந்தனர். குடும்பக் கடை போன்றதே அது. எடுக்கும் கையும் விற்கும் கையும் ஒரே இடத்தில் இருந்தமையால், எந்தச் சரக்கு விலைபோகும் என்பதை அவர்கள் விரைவில் அறிந்துகொண்டனர்.

1951இல் பிரித்தானியத் தணிக்கைச் சபை 'எக்ஸ்' என்னும் புதிய சான்றிதழை ஏற்படுத்திற்று. பதினாறு வயதுக்குட்பட்டோர் அத்தகைய படத்துக்குப் போகலாகாது. வாடிக்கையாளரிற் பலரை வாசலிலே தடுக்கும் இம்முத்திரையை விரும்பாதவர் பலர். ஹமர் கம்பனியோ வேறு வழி கண்டது. 1955இல் 'குவாற்றமாஸ் பரிசோதனை' என்னும் படத்தை வெளியிட்டபோது, பரிசோதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை நீக்கி, எக்ஸ் எழுத்திலேயே அச்சொல் தொடங்குமாறு தலைப்பிட்டது. தடுத்த எழுத்தே விளம்பரப் பலகையாயிற்று!

இனி முதலுக்கு வருவோம். 1957இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைனின் சாபம்' ஏறத்தாழ 65,000 பவுண் செலவில் முடிந்தது. வண்ணப் படமொன்றுக்கு அது சிறு தொகை. தேம்ஸ் நதிக்கரையிலே பிறே என்னுமிடத்துக்கு அண்மையிலிருந்த பழைய மாளிகையொன்றே அவர்களுடைய படப்பிடிப்பு நிலையம். ஒரு படத்தில் மண்டபமாயிருந்தது, சிறிது மாற்றப்பட்டு, மற்றொரு படத்திற் கோட்டையாகும். பணத்தில் ஒரு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. விநியோகத்தை வோர்னர் பிரதர்ஸ் ஏற்றது. யூனிவர்சல் கம்பனி 1931இல் எடுத்த படத்திலுள்ள பூதத்தின் சாயல் இருந்தால் வழக்கு வரும். ஆகவே கிறிஸ்தோபர் லீயின் முகத்துக்குப் புதியதொரு கோரம் தேடவேண்டியதாயிற்று. மறு ஆண்டு டிராகுலாவாக நடித்தவரும் அவரே. அந்தப் பூதத்தின் முகம் சட்டத்தரணிகளுக்கு அஞ்சிப் பிறந்தது என்றதும் மகன் சிரித்துவிட்டான்.

அப்படம் பெரும் இலாபம் ஈட்டவே, யூனிவர்சல் கம்பனியே டிராகுலாவின் விநியோகத்தராக வந்து சேர்ந்தது. இலாபத்தின் முன்னே பகை நில்லாது போலும்.

"அப்பா, பயப்படுத்திறதுக்கும் ஆரும் முன்கூட்டியே காசு குடுப்பினமோ?" என்று மகன் கேட்டான். கொடுத்தார்கள். என்றிக்கேயின் மகனாகிய ஜேம்ஸ் கரெராஸ் விற்பனையில் வல்லவர். கதை எழுதப்படுமுன்னரே தலைப்பையும் சுவரொட்டியையும் காட்டி விநியோகத்தரின் சம்மதத்தைப் பெற்றுவிடுவார். அதன் பின்னரே எழுத்தாளர் பேனாவை எடுப்பார். அச்சம் பிறக்குமுன்பே விலைபோயிற்று.

அரசாங்கமும் தன்னையறியாமற் பேய்க்குச் சோறிட்டது எனலாம். 1950இல் தோன்றி 1957இற் சட்டமாகியது ஈடி வரி. நுழைவுச்சீட்டின் விலையில் ஒரு சிறு பங்கு பொது நிதிக்குச் சென்றது. அதிலிருந்து பிரித்தானியப் படங்களை எடுத்தோருக்கு, அவை உள்நாட்டிற் பெற்ற வசூலின் விகிதப்படி பணம் கிடைத்தது. பக்திப் படமா, பேய்ப் படமா என்று அந்நிதி கேட்கவில்லை. அமெரிக்கர் இங்கிலாந்தில் முதலிட விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 1968இல் ஏற்றுமதித் துறையிற் சாதனை புரிந்தமைக்காக ஹமர் கம்பனிக்கு மகாராணியாரின் விருதே கிடைத்தது.

பின்னர் அமெரிக்க முதல் பின்வாங்கிற்று. 1976க்குப் பின் ஹமரின் பேய்கள் நெடுங்காலம் வெள்ளித்திரைக்கு வரவில்லை. 2012இல் 'கறுப்புடைப் பெண்' வெளிவந்தபோது வியாபாரத்தின் போக்கே மாறியிருந்தது. இம்முறை காட்சிகளிற் சில வினாடிகளைக் குறைத்து, 12ஏ என்னும் சான்றிதழைப் பெற்றனர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரும் பெரியவர் துணையோடு வரலாம். கதாநாயகனோ ஹரி பொட்டராக நடித்த டானியல் றட்கிளிஃப். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வெளியே நிற்கலாமா? உலகெங்கும் 120 மில்லியன் டொலருக்கு மேல் வசூலாயிற்று. அன்று கதவைச் சாத்தி விற்றவர்கள் இன்று கதவைத் திறந்து விற்றார்கள்.

கணக்கை முடித்துக்கொண்டு எழுந்தோம். அப்பொழுது மகன் மெல்லச் சொன்னான்: "அப்பா, நீங்கள் பார்க்கக் கூடாதெண்டு சொல்லியிராட்டி, நான் அந்தப் படத்தைத் தேடியிருக்கமாட்டன்."

எமக்கு மறுமொழி வரவில்லை. எத்தனை ஆண்டுகளாக, எத்தனை மாணவரிடம், காரணம் கூறாமலே "வேண்டாம்" என்று சொல்லியிருக்கின்றோம்! எத்தனை புத்தகங்களுக்கு நாமே செலவின்றி விளம்பரம் செய்தோமோ! கரெராஸ் பணம் கொடுத்து அச்சிட்ட எக்ஸ் எழுத்தை நாம் இலவசமாக ஒட்டி வந்திருக்கின்றோம். தடுக்க வேண்டியவை உலகில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தடையோடு காரணத்தையும் கொடாவிடின் அது வெறும் சுவரொட்டியே.

டிராகுலா படம் இன்று பிரித்தானியாவிலேயே பன்னிரண்டு வயதினர் பார்க்கத்தக்கதென மதிக்கப்படுகிறது. சென்ற ஞாயிறு பிற்பகல் குடும்பத்தோடு இருந்து அதைப் பார்த்தோம். மண்டபத்தைக் காட்டி, "இதைத்தானே மாத்தி மாத்திப் பாவிச்சவை?" என்று மகன் தாயாருக்கு விளக்கினான். ஆயினும், படிக்கட்டின் உச்சியில் அந்தக் கரிய உருவம் வந்து நின்றபோது அவனுடைய கை எமது கையைத் தேடி வந்தது. கணக்கு முழுவதும் அறிந்திருந்த நாமும் அதனை இறுகப் பற்றிக்கொண்டோம்.