படி இறங்கத் தெரியாத காவலாளி!

டைம்ஸ் ஸ்கொயருக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியேதான் நடப்பார்கள். விளம்பரப் பலகைகளின் வெளிச்சம் அப்படி! ஆனால், அந்த இடத்தின் இன்னொரு பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. 1904-ல் தொடங்கிய நியூயார்க் சுரங்க ரயிலின் பரபரப்பான நிலையம் அது. சுவரில் ராய் லிச்சென்ஸ்டைனின் பிரமாண்ட ஓவியம், மூலையில் டிரம்ஸ் வாசிப்பவர், நாடகம் முடிந்து திரும்பும் கூட்டம்.

நள்ளிரவுக்குப் பிறகு காட்சி மாறும். ஓட்டல் வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்கள், போக இடமில்லாமல் அங்கேயே தூங்குகிறவர்கள். பயம் எட்டிப் பார்க்கிற நேரம் இது.

2023 செப்டம்பரில் இங்கே ஒரு புதிய காவலாளி வந்தது. பெயர் கே5. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவான வெள்ளை முட்டை. எடை சுமார் 180 கிலோ. கை கிடையாது, சக்கரம் உண்டு. சுற்றிலும் கேமராக்கள். ஆபத்து என்றால் பட்டனை அழுத்தி மனிதரிடம் பேசலாம். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் வசதியைப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வாடகை மணிக்கு சுமார் 9 டாலர். அப்போது நகரத்தில் மனிதர்களுக்கான குறைந்தபட்சக் கூலியே 15 டாலர்! மேயர் எரிக் ஆடம்ஸ் பெருமையோடு அறிமுகப்படுத்தினார்.

நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டியூட்டி. சிக்கல் என்னவென்றால், அதற்குப் படி இறங்கத் தெரியாது. ரயில் வந்து நிற்கும் பிளாட்பாரமோ படிகளுக்குக் கீழே. மேல்தளத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதை யாரும் சேதப்படுத்திவிடக் கூடாதே என்று கூடவே போலீஸ்காரர்கள் வேறு. காவலுக்கு வந்ததற்கே காவல்! சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் கொண்டாட்டம், செல்ஃபிக்கு நல்ல துணை.

2024 பிப்ரவரி தொடக்கத்தில், நிலையத்துக்குள் காலியாகக் கிடந்த ஒரு கடையில் கே5 சும்மா நின்றுகொண்டிருந்தது. சோதனைக் காலம் முடிந்துவிட்டதாம். அடுத்த மாதமே, சுரங்க ரயில் பாதுகாப்புக்கு நேஷனல் கார்டு படையினர் 750 பேரை அனுப்பினார் மாநில ஆளுநர். அவர்களுக்குப் படி இறங்கத் தெரியும்.