வறண்ட ஆழ்துளைக் கிணறு யாருடைய தோல்வி?

2016 மார்ச் மாதத்தில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நகரில் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நிரப்பு நிலையங்களுக்கும் அருகே ஐவருக்கு மேல் கூடக் கூடாது என்று 144ஆவது பிரிவின்கீழ் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. அடுத்த மாதம் மிரஜிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. அந்த வண்டியின் படம் நாடெங்கும் பரவியது. தடையாணை விரைவில் மறக்கப்பட்டது. பின்னாளில் மராத்வாடாவின் நிலத்தடி நீரை ஆராயச் சென்ற எனக்கு அந்த ஆணைதான் மனத்தில் தங்கியிருந்தது. தண்ணீர் குறையும்போது மக்கள் கூடினால் கலவரம் மூளும் என்று நிர்வாகம் அஞ்சியது. அச்சத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். களத்தில் நான் கண்ட ஆபத்தோ வேறு. தண்ணீர் குறையக் குறைய மனிதர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒதுங்கத் தொடங்குகிறார்கள்.

இதற்கு நிலவியலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மராத்வாடாவின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் பாறை. மேலே சிதைந்த அடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஒருவர் நிலத்தில் பீறிட்டு வரும் நீர், ஐம்பது அடி தள்ளித் துளையிடும் அண்டை நிலத்துக்காரருக்குப் புழுதியாக முடியலாம். தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி நிலத்தில் நடந்து நீரோட்டம் சொல்லும் ‘பாணாட்யா’வை அழைக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், துளையிடும் லாரி இரவில் வந்து விடிவதற்குள் போய்விடுகிறது. நீர் கிடைக்காவிட்டால் ‘போர் ஃபெயில்’ என்கிறார்கள். தேர்வில் தோற்ற மாணவனைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் அதைச் சொல்கிறார்கள். ஏரி வற்றினால் ஊரே பார்க்கும். ஆழ்துளைக் கிணறு வற்றினால் அதற்குரியவர் மட்டுமே முதலில் அறிவார். எவ்வளவு நாள் மறைக்க முடியுமோ அவ்வளவு நாள் மறைப்பார். மகளின் திருமணப் பேச்சும் அடுத்த கடனும் அந்த மறைப்பைச் சார்ந்திருக்கும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் வழியே நிலத்தடி நீர் நில உரிமையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. நீர் தனியுடைமையானதால் அதன் இழப்பும் தனியொருவரின் குற்றமாகிவிட்டது. நான் பேசியவர்களில் பெரும்பாலோர் பருவமழை பொய்த்ததைக் குறை கூறவில்லை. தம் கணிப்பைத்தான் குறை கூறிக்கொண்டார்கள்.

விதர்பாவின் அமராவதி மாவட்டத்தில் சங்கத் அமைப்பு நடத்திய ‘விஷ்ராம்’ திட்டத்தை மனநலத் துறை நண்பர்கள் அறிந்திருப்பீர்கள். முப்பது கிராமங்களில், உள்ளூரிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று பேசினார்கள். முதல்நிலை உதவி அளித்தார்கள். தேவைப்பட்டோரை ஆலோசகரிடமும் மனநல மருத்துவரிடமும் கொண்டு சேர்த்தார்கள். மனச்சோர்வுடையோரில் உதவி நாடியோர் 4.3 விழுக்காட்டிலிருந்து 27.2 ஆக உயர்ந்தனர். தற்கொலை எண்ணம் இருந்ததாகக் கூறியோர் 5.2 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. எனவே முழுப் பயனையும் திட்டத்தின் கணக்கில் எழுத இயலாது. ஆயினும் நாட்டில் மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் மிகப் பெரும்பான்மையோர் அதைப் பெறுவதில்லை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு கூறிய பின்னணியில், இதைச் சிறு செய்தியாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

என் கேள்வி இதற்கு அடுத்த படியில் எழுகிறது. பீட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரே வீட்டுத் திண்ணையில், ஒரே வாரத்தில் இரு படிவங்கள் நிரப்பப்படுவதைக் கண்டேன். சுகாதாரப் பணியாளர் உறக்கம், பசி, சோர்வு பற்றி, கடந்த இரண்டு வாரங்களில் எப்படி என்று கேட்டார். “இரண்டு வாரமா? கிணறு வற்றிய நாளிலிருந்து கேளுங்கள்” என்றார் அந்த விவசாயி. படிவத்தில் கிணற்றுக்கு இடமில்லை. இரண்டு நாள் கழித்து நீர்த்துறை ஊழியர் வந்து கிணற்றின் ஆழம், மின்னேற்றியின் குதிரைத்திறன், பயிர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். அந்தப் படிவத்தில் உறக்கத்துக்கு இடமில்லை. இருவருமே கடமையுணர்வோடு பணிபுரிந்தவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கப்போவதில்லை என்பது அந்த விவசாயிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இவ்விடைவெளியை ஓரளவு உணர்ந்த முயற்சியாக ‘ஆத்மீயதா’வைச் சொல்லலாம். முதலில் நாசிக் மாவட்டத்திலும் பின்னர் குஜராத்தின் மெஹ்சாணாவிலும் நடைபெற்ற அத்திட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் ஆறுதலாகப் பேசுவதோடு நின்றுவிடுவதில்லை. ஓய்வூதியம் போன்ற அரசு உதவிகளைப் பெறவும் துணை நிற்கிறார்கள். வயிற்றுப்பாட்டையும் மனத்துயரையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் மட்டும் அங்கும் சேரவில்லை.

நீர் மேலாண்மையின் பக்கமிருந்து பார்த்தால், அஹமத்நகர் மாவட்டத்து (இன்றைய அஹில்யாநகர்) ஹிவரே பாஜார் எல்லோரும் கூறும் எடுத்துக்காட்டு. ஊர்த்தலைவராக இருந்த போபட்ராவ் பவாருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபின் அவ்வூரின் புகழ் இன்னும் பெருகியது. அங்கே நான் கவனித்தவை தடுப்பணைகளைவிடக் கணக்கேடுகளே. பருவமழை முடிந்ததும் கிராம சபை கூடி, பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் கணக்கிடுகிறது. மனிதர்க்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கேற்பப் பயிர் முடிவாகிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது. கரும்பும் வாழையும் கூடாது. மழை குறைந்த ஆண்டில் ஊரே பயிரைச் சுருக்கிக்கொள்கிறது. அந்த ஆண்டில் ஒருவர் நிலத்தைத் தரிசாகப் போட்டால் அதற்கு அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை; காரணம் எல்லோருக்கும் தெரிந்த எண்ணாக இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவுடன் ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில் நடந்த முயற்சி இன்னும் மென்மையானது. அங்கே கட்டளையே இல்லை. விவசாயிகள் தாமே மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து, தாமே நீர்வரவு செலவு போட்டு, பயிரை அவரவர் முடிவுக்கு விட்டார்கள். கிணற்றின் ஆழத்தைக் கயிறிட்டு ஊரறிய அளப்பது, மறைத்து வைத்த துயரைப் பொதுவில் சொல்வதற்கு ஒப்பான செயல் என்றே எனக்குப் படுகிறது. மனநலத் துறையினர் இதை அளந்து பார்க்க வேண்டிய கருதுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவப்பட்ட முடிவாக நான் முன்வைக்கவில்லை.

‘சமூகம்’ என்ற சொல்லை இவ்வளவு நம்பிக்கையோடு எழுதும்போது, அதே மகாராஷ்டிரத்தின் மஹாட் நகரம் குறுக்கே வந்து நிற்கிறது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் சவதார் குளத்து நீரைப் பருகினார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். ஊர் கூடி நீரை நிர்வகித்தது அங்கேயும்தான். மனநலப் படிவங்கள் கேட்கும் பயனற்றவர் என்ற உணர்வைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டிய இடம் ஊர்ப் பொதுக்கிணறு. கிராம சபை கூடும் அரசமரத்து மேடையில் இன்றும் யார் மேலே அமர்கிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள், பெண்கள் வருகிறார்களா என்று பார்த்துவிட்டே நான் நீர்க்கணக்கைக் குறித்துக்கொள்கிறேன். குத்தகைதாரரும் நிலமற்ற கூலிகளும் அந்த வரவு செலவில் எந்தப் பத்தியிலும் இல்லை. பயிர் சுருங்கும் ஆண்டில் கூலி வேலை சுருங்குகிறது. கரும்பு வெட்டப் புலம்பெயரும் குடும்பங்கள் அந்தக் கூட்டம் நடக்கும்போது ஊரிலேயே இருப்பதில்லை.

2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களின் ஊராட்சிகளில் நீர்வரவு செலவுத் திட்டம் தயாரிக்கச் செய்தது. ஹிவரே பாஜாரின் கணக்கேடு அரசுப் படிவமாகிவிட்டது என்றே சொல்லலாம். மனநலத்துக்கோ 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண் 2022 முதல் இயங்குகிறது. துயருறும் எவரும் அழைக்கலாம், அதைத் தயங்காமல் சொல்லிக்கொடுங்கள். என் ஆய்வின் அடுத்த இயலுக்காக ஒன்று தேவைப்படுகிறது. இந்த ஏழு மாநிலங்களில் களப்பணி செய்யும் நண்பர்கள், நீர்க்கணக்குக் கூட்டத்தில் ஊரின் ஆஷா பணியாளரும் உட்கார்ந்திருந்த ஒரு நிகழ்வையேனும் கண்டிருந்தால் எழுதுங்கள். அவர் என்ன கேட்டார், அவரிடம் யார் பேசினார்கள் என்ற விவரம் எனக்குப் போதும். ஊரின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டியதில்லை.